சடையண்ணன் நிலத்தில் காயாத சேறு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அடிவாரத்து டீக்கடை முன்னால் மலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மேகலாவிடமிருந்து போன் வந்தது. மேகலா சடையண்ணனின் ஒரே மகள். "அக்கா, அப்பா தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சை அடைக்குதுன்னாருங்க. ஜீப்பு வர்றதுக்குள்ள போயிட்டாருங்க" என்றாள். அழுது ஓய்ந்த குரல். நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுச்சுங்க. அப்பாவைத் தாத்தா பக்கத்துலதான் வெக்கோணுமாமுங்க. அந்த மண்ணு இப்ப ஆளைத் தாங்குமாங்க? பாடையைத் தூக்கிட்டுப் பத்துப் பேரு நடந்தாத் தாங்குமாங்க?"

சேறு எப்போது காயும், காய்ந்தால் எவ்வளவாகச் சுருங்கும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன். "வர்றேன் மேகலா, வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும் வரை டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தேன்.

சடையண்ணனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைச்சோலைப் பக்கமும் நாகலூர்ப் பக்கமும் காப்பிக் களத்தில் அவரோடு வேலை செய்தவர்கள், ஏரித் தூர் வாரும்போது எங்களோடு சேற்றில் நின்றவர்கள், அவர் வாய்க்குப் பயந்து வழிமாறிப் போனவர்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவருடைய நிலம் எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி உங்களிடையே இரண்டு கதைகள் இருக்கின்றன. கன்னிமார் கோபம் என்று ஒன்று. கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டார் என்று இன்னொன்று. இரண்டும் இல்லை. ஒரு கணக்கு தப்பிவிட்டது. அந்தக் கணக்கைப் போட்டவள் நான்.

ஏரியில் தூர் வாருவது என்றால் பொக்லைன் இறங்கி அள்ளுவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். தண்ணீரை வற்றவிடாமல் வாருவது வேறு மாதிரி. மிதவைமேல் பம்பு வைத்து, அடிச்சேற்றைத் தண்ணீரோடு உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரைக்கு அனுப்புவோம். அடியில் நூறு லோடு கிடக்கும் சேறு, குழாயைவிட்டு வரும்போது முந்நூறு நானூறு லோடு குழம்பாகிவிடும். அதிலிருந்து மணலை எந்திரத்தில் பிரித்து ஒதுக்குவோம். மிச்சமிருக்கும் நைசான சேற்றைப் பெரிய பாத்தி கட்டித் தேக்கி, தண்ணீரை வடித்துக் காயவைப்போம். காயக் காயச் சுருங்கும். கடைசியில் எவ்வளவு மிஞ்சும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை மாதமாகும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மண் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தண்ணீர்தான் கூடிக் குறைகிறது. மண்ணில் எந்த ரகம் எத்தனை பங்கு என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வகுத்தல்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம் சடையண்ணன் ஊர்ச் சின்ன ஏரிக்கு மண் மாதிரி எடுக்கப் போனேன். ஆள் மேஸ்திரியாக வந்தவர் சடையண்ணன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கொளுத்தும் சித்திரையிலும் தலையில் கம்பளிக் குல்லாய். மீசைக்கு மை அடித்திருந்தார், அது வியர்வையில் லேசாக வழிந்திருந்தது. இருபது வருடம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக் களத்தைப் பார்த்துக்கொண்டவர். களத்தில் காய்கிற காப்பியில் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்து, "இன்னும் ரெண்டு வெயிலு" என்று சொன்னால் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வாராம். இதை என்னிடம் சொன்னதே அவர்தான், நான் கேட்காமலே சொன்னார். நான் சல்லடைகளை அடுக்கிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இத்தனை சல்லடை எதுக்குங்க, ஊரு முச்சூடுக்கும் முறுக்குச் சுடப் போறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நான் அம்மிணி, எனக்கு அவர் அண்ணா.

மண் ரகம் பார்க்கச் சாதாரணமாக ஒரு வழி உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் சேற்றையும் தண்ணீரையும் விட்டுக் குலுக்கி வைத்துவிட்டால், மணல் முதலில் இறங்கும், வண்டல் பிறகு இறங்கும், களி கடைசியாக இறங்கும். சடையண்ணனுக்கு இது பிடித்துப்போயிற்று. தன் வீட்டிலிருந்து ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நிரப்பி, மேகலாவின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, இறங்க இறங்கக் கோடு போட்டார். மறுநாள் என்னிடம் சொன்னார்: "மணலைப் பாருங்க அம்மிணி, மொதல் பந்திக்கு வந்த ஆளாட்டம் நேராப் போயி உக்காந்துக்குது. இந்தக் களிதானுங்க, உள்ள வர்றதா வேண்டாமான்னு வாசல்லயே நிக்குது." அந்த மாதிரிகளில் மணல்தான் அதிகம், களி கொஞ்சம்தான். மூன்று நாளில் மேல்தண்ணீர் தெளிந்து கண்ணாடிபோல் ஆனது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. அந்த ஏரியின் மேற்குப் பாதி, ஓடை வந்து விழுகிற பக்கம், ஆழமில்லாதது. கிழக்குப் பாதி, மதகுப் பக்கம், ஆழமானது. மதகோரம் ஏழு கற்கள் நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறார்கள். ஆடி மாதம் பூசை போட்டு உத்தரவு கேட்கிறவரை கிழக்குப் பாதியில் பரிசல் விடக்கூடாது, இரும்பு படக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. நான் வந்தது சித்திரையில். ஆடி வரை காத்திருந்தால் மதிப்பீடு கொடுக்கத் தாமதமாகும், வேலை அந்த வருடம் நடக்காது. "அந்தப் பக்கத்து மண்ணு எப்படிண்ணா இருக்கும்?" என்று கேட்டேன். "ஒரே ஏரி, ஒரே தண்ணி. அங்க மட்டும் என்னுங்க, வேற ஊரு மண்ணா இருக்கப் போகுது?" என்றார். எனக்கு வேண்டியிருந்த பதில் அது. பன்னிரண்டு மாதிரியையும் மேற்குப் பாதியிலேயே எடுத்து, முழு ஏரிக்கும் அதுதான் என்று எழுதினேன்.

அவர் தெரியாமல் சொன்னார். நான் அப்படியில்லை. ஓடை விழுகிற இடத்தில் கனமான மணல் படியும், தண்ணீர் அசையாத ஆழத்தில் களி படியும் என்பது என் படிப்பின் முதல் வருடப் பாடம். அது தெரிந்தும் அவருடைய பேச்சைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

பாத்தி கட்ட இடம் வேண்டியிருந்தது. ஏரிக்குக் கீழே சடையண்ணனின் காடு இருந்தது. காடு என்று அவர் சொன்னது ஒன்றேகால் ஏக்கர் சரளை நிலம். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி அவருடைய அப்பா உண்டாக்கியது. ராகியும் சாமையும் போடுவார். கிடைப்பது வீட்டுக்குக் காணும், அவ்வளவுதான். அவரே வந்து கேட்டார். "உங்க சேத்தை எங்காட்டுல கொட்டுங்க. காஞ்சப்புறம் ஒரு முழம் வண்டலை அங்கேயே உட்டுப்போட்டு மிச்சத்தை எடுத்துக்கோங்க. சல்லிக்காசு வேண்டாமுங்க. எங்கப்பன் எட்டு வருசம் கல்லுப் பொறுக்குனாரு, நான் ஒரே வருசத்துல மண்ணாக்கிப் போடறேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் மறக்கமாட்டேன். களத்தில் காப்பி காய்ந்ததைக் கண்டுபிடிக்கிற ஆள், சேறும் அப்படித்தான் காயும் என்று நம்பினார். "பழம் அஞ்சு மூட்டை காஞ்சா பருப்பு ஒரு மூட்டைங்க. சேறு எத்தனைக்கு எத்தனைங்க அம்மிணி?" என்று கேட்டார். "பம்பு விடறது மூணு பங்குன்னா காஞ்சு ஒரு பங்குண்ணா. பொங்கலுக்குள்ள காஞ்சிரும்" என்றேன்.

நிலத்தின் மேல்மூலையில் அவருடைய அப்பாவைப் புதைத்த இடத்தில் ஒரு கல் இருந்தது. இடுப்பு உயரமும் இல்லாத, செதுக்காத கல். அவர்கள் வழக்கப்படி இறந்தவர்களைத் தங்கள் நிலத்திலேயே வைப்பார்கள். "அதுவரைக்கும் வராதுங்களே?" என்று கேட்டார். வராது என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஒரு சில்வர் ஓக் கம்பத்தைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நட்டு, மேகலாவின் நகப்பாலிஷை என் கையில் கொடுத்தார். சேறு அதிகபட்சம் ஏறுகிற மட்டத்தில் ஒரு கோடும், காய்ந்து இறங்குகிற மட்டத்தில் ஒரு கோடும் நானே போட வேண்டுமாம். போட்டேன். மேல்கோடு கல்லின் அடியைவிட இரண்டு சாண் கீழே இருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க அம்மிணி. மழை எப்பன்னு யாராச்சும் கேட்டா நாங்க அப்படித்தானுங்க சொல்றோம். அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க." எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

மேற்குப் பாதி வாரியபோது எல்லாம் சொன்னபடி நடந்தது. மணல் தனியாகக் குவிந்தது. பாத்தியில் சேறு தங்கித் தண்ணீர் வடிந்தது. வாரத்துக்கு வாரம் மட்டம் இறங்கியது. சடையண்ணன் தினமும் கம்பத்தைப் பார்த்துவிட்டு, காப்பிக் களத்தில் பயன்படுத்துகிற மரப்பலகையால் ஓரத்தில் காய்ந்த மண்ணைக் கீறிவிட்டுக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரிடமும் அடுத்த வருடம் கேரட் போடப் போவதாகச் சொல்லிவைத்திருந்தார். காளியம்மா அக்கா, அவருடைய மனைவி, "இன்னும் காயவே இல்லை, இவரு அதுக்குள்ள கேரட்டை வித்து ஊட்டுக்கு ஓடு மாத்திப்போட்டாரு" என்று என்னிடம் கிண்டல் செய்தார்.

ஆடிப் பூசை முடிந்து கிழக்குப் பாதியில் பம்பு இறங்கியது. குழாயில் வந்தது வேறு சேறு. கறுப்பு. விரலில் எடுத்தால் வழவழவென்று ஒட்டியது, நாறியது. மேலே இருக்கிற தோட்டங்களில் எத்தனையோ காலமாகக் காப்பிப் பழம் உரித்துக் கழுவிய தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தங்கியிருக்கிறது. அதோடு களி. மணலே இல்லை. மணல் பிரிக்கிற எந்திரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் போட்ட கணக்கு இரண்டு பக்கமும் உடைந்தது. ஒதுங்க வேண்டிய மணல் ஒதுங்காததால் பாத்திக்குப் போகிற சேறு கூடியது. அந்தச் சேறும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் சடையண்ணன் ஷெட்டுக்கு வந்து ஊறுகாய் பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார். பம்பு இறங்கிய அன்றே கறுப்புச் சேற்றை நிரப்பி வைத்திருக்கிறார். நாலு நாள் ஆகியிருந்தது. அடியில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பாட்டில் முழுக்கக் கறுப்பாகவே இருந்தது. கோடு போட இடமில்லாமல், நகப்பாலிஷைத் திறக்காமலே கையில் கொண்டுவந்திருந்தார். "அம்மிணி, நிறுத்திப்போடுங்க" என்றார். "களி இறங்கறதுக்கு மருந்து போட்டிருக்குண்ணா. பிரிஞ்சிரும்" என்றேன். "கம்பத்துல மேல்கோடு முங்கிப்போச்சுங்க" என்றார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டரின் மேனேஜர் காலையும் மாலையும் போன் செய்து எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் மாதிரி எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். "இன்னும் ரெண்டே நாள்ணா. கரையைக் கொஞ்சம் ஒசத்திக் கட்டிக்கலாம்" என்று சொன்னேன். அவர் மறுத்திருக்கலாம். அவருடைய நிலம். குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரிங்க" என்று போய்விட்டார்.

கரையை உயர்த்தினோம். அதாவது, மேல்மூலையையும் சேர்த்து வளைத்தோம். இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. கடைசி நாள் சாயங்காலம் மூடுபனி இறங்கியிருந்தது. சேறு அந்தக் கல்லைச் சுற்றி வந்து, மெதுவாக, சத்தமே இல்லாமல், மேலே ஏறி மூடியது. சடையண்ணன் பக்கத்தில் நின்றார். கை கட்டியிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "எங்கப்பனுக்குக் குளிருமுங்க அம்மிணி" என்றார். பிறகு குழாய் வால்வை மூடப் போனார்.

ஏரி ஆழமாகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மிதவையும் பம்பும் மலையிறங்கின. கான்ட்ராக்டர் அடுத்த ஊருக்குப் போனார். சேறு மட்டும் இருந்தது. காய்ந்தால்தான் லாரியில் ஏற்றலாம். ஈரச் சேற்றைக் கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோனால் ரோடெல்லாம் ஒழுகும், விடமாட்டார்கள். லாரி வராதவரை அது அங்கேதான் கிடந்து காய வேண்டும். ஆனால் மலையில் வெயில் வருமே தவிர உட்காராது. பத்து மணிக்குப் பனி விலகும், மூன்று மணிக்குத் திரும்பி வரும். மேலே ஒரு சாண் கட்டியாகும், வெடிக்கும். பார்க்கிறவர்களுக்குக் காய்ந்ததுபோல் இருக்கும். கீழே கூழ். மழை வந்தால் மேலே இருப்பதும் கூழ். நான் மாதம் ஒரு ஞாயிறு போவேன். சேர்ந்து வடிகால் வெட்டினோம். காப்பித் தொலியைக் கொட்டிக் கிளறினோம். சுண்ணாம்பு தூவினோம். வடிகாலெல்லாம் மறுவாரமே பக்கங்கள் சரிந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அவர் எப்போது என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்வேன். பொங்கல், பிறகு பங்குனி, பிறகு அடுத்த சித்திரை. நான்காவது வருடமும் வந்துவிட்டது. அவர் கூலிக்கு வேறு தோட்டத்துக்குப் போனார். ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருவருடைய களத்தில் பலகை தள்ளினார்.

போன வருடம் ஆடி அமாவாசைக்கு அவர் யாரிடமும் சொல்லாமல், ஒரு தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு அந்தச் சேற்றின்மேல் நடந்திருக்கிறார். கம்பம் தெரிகிற இடத்துக்குப் பாதி தூரம் போனதும் மேல்பொருக்கு உடைந்து இடுப்புவரை இறங்கிவிட்டார். ஏணியைப் படுக்கப்போட்டு இழுத்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு மேகலா சொல்லித் தெரிந்து, மறுநாளே ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். "ஒண்ணுமில்லீங்க அம்மிணி. நொம்ப நாளாப் பாக்க வல்லையேன்னு எங்கப்பன் காலைப் புடிச்சு இழுத்துப்போட்டாரு." காளியம்மா அக்கா சிரிக்கவில்லை. தேங்காய் சேற்றுக்குள்ளேயே போய்விட்டது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், நாகலூரில் பஸ் நிற்கிற இடத்தில். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடச் சொல்லி, கடைக்காரர் இரண்டோடு நிறுத்தியதற்கு அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். மீசைக்கு மை அடிப்பதை விட்டிருந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. "சித்திரையில காஞ்சிருமுங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பாண்ணா, இந்தத் தடவை காஞ்சிரும்" என்றேன். எதைவைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செரிங்க" என்றார். அவர் நம்பவில்லை. எனக்காகச் செரிங்க என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் குல்லாய் இருந்தது. காளியம்மா அக்கா எழுந்து வந்து, நான் அவர் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார். சாணுக்கு ஒரு கோடு போட்ட கம்பி அது, சேற்றில் குத்தி ஆழம் பார்ப்பது. ஊர்க்காரர்கள் காப்பி காயவைக்கிற கம்பிவலைத் தட்டிகளைக் கொண்டுவந்து சேற்றின்மேல் வரிசையாகப் போட்டார்கள். நான் மட்டும் நடந்தேன். கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் குத்தினேன். மேல்கோடு இன்னும் சேற்றுக்குள்தான் இருந்தது; சேறு ஏறி நின்ற பழைய கறை மட்டும் கம்பத்தில் ஒரு விரல் அளவுக்கு வெளியே தெரிந்தது. நான்கு வருடத்தில் இறங்கியது அவ்வளவுதான். கம்பி ஒரு சாண்வரை தடுத்தது. இன்னும் அழுத்தியதும் இறங்கியது, நான் கையை எடுத்த பிறகும் தன் கனத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு இடத்தில் குத்தினேன். ஆறிலும் அதே கதை. தட்டியை இரண்டு அடுக்காகப் போட்டால் பத்துப் பேர் நடந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. குழி வெட்டினால் வெட்ட வெட்டச் சுற்றியிருக்கிற சேறு உள்ளே வரும் என்பதும் தெரிந்தது. பாதிக் குழியில், அவரைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். "தாங்கும், முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்று சொல்ல என் வாய் பழகியிருந்தது. அன்றைக்கு அது வரவில்லை.

திரும்பி வந்து, "தாங்காதுங்கக்கா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேங்கக்கா. குழி நிக்காது."

காளியம்மா அக்கா அந்தக் கம்பத்தைப் பார்த்தார். "இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை. நான் அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி நிறுத்தக்கூட அவர்தான் ஆள் கூப்பிட்டார்.

சடையண்ணனை அவருடைய மைத்துனரின் காப்பித் தோட்டத்து ஓரத்தில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே அவருடைய நிலம் தெரிகிறது. அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், நடுவில் நான் கொட்டிய சேறு. அது காய்ந்ததும் சொல்ல வேண்டும் என்றும், இங்கிருந்து ஒரு கூடை மண்ணையாவது எடுத்துப்போய் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம் என்றும் காளியம்மா அக்கா கேட்டுக்கொண்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஊறுகாய் பாட்டில். என் அலுவலக மேஜைமேல் வைத்திருக்கிறேன். களி இப்போது பாதிவரை இறங்கியிருக்கிறது, மேலே தண்ணீர் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. புதிதாக ஏரி மதிப்பீடு கேட்டு வருகிறவர்கள் அதைப் பார்த்து என்ன என்று கேட்கிறார்கள். சடையண்ணன் என்று சொல்கிறேன். எந்தப் பகுதியில் மாதிரி எடுக்க முடியவில்லையோ அந்தப் பகுதிக்கு எதிரே இப்போதெல்லாம் எண் எழுதுவதில்லை. அதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போய்விட்டது. போகட்டும். அவர் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை எடுத்துக்கொடுத்தார், நான்கு வருடம் அதை வாங்கிக்கொள்ளாமல் இருந்தேன்.

போன ஞாயிறு போயிருந்தேன். தட்டி போட்டு நடந்து கம்பியைக் குத்தினேன். ஒரு சாண் நின்றது, பிறகு இறங்கியது. காளியம்மா அக்கா கரையில் நின்றுகொண்டு, "இன்னும் எத்தனை நாளு ஆகும் கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியலீங்கக்கா" என்றேன்.

"செரி, கையக் கழுவிட்டு வா. டீ வெக்கறேன்" என்றார்.